மொறிஸ் மைனர்: சுவிட்சுகளையும் எச்சரிக்கை லைற்றுகளையும் ஸ்ரியரிங் பக்கம் கொண்டுவரலாமா?

கேள்வி, 29 மே 2022 (மட்டக்களப்பிலிருந்து)

என்னிடம் 1965 மொறிஸ் மைனர் இருக்கிறது. முன் இருக்கைகளுக்கு ஆசனப்பட்டி பூட்டிவிட்டேன். பட்டியை இறுக்கிப் போட்டால் நடுவில் இருக்கும் வைப்பர் சுவிட்சுக்குக் கை எட்டவில்லை. எல்லாச் சுவிட்சுகளையும், பற்றறிக்கு மின்சாரம் ஏறாவிட்டால் எரியும் அந்தச் சிவப்பு லைற்றையும் ஸ்ரியரிங்குக்கு அருகில் மாற்ற நினைக்கிறேன். ஒரு நாள் வேலைதானே அண்ணா?

29 மே, இரவு

இல்லை தம்பி. நானும் அப்படி நினைத்துத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொக்குவில் வீட்டு முற்றத்தில் டாஷ்போட்டைக் கழற்றினேன். எந்த ஆண்டு ஞாயிறு என்று மட்டும் கேட்காதீர்கள்.

என்னுடையது 1963, 1098 சி.சி. அப்பாவின் கார். இன்னும் அவருடைய கார்தான், செலவு மட்டும் என்னுடையது. இப்போது பெற்றோல் வரிசையில் நிற்பதைத் தவிர காருக்கு வேறு வேலை இல்லாததால் மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருக்கிறேன். கேட்ட நேரம் நல்ல நேரம்.

31 மே

முதலில் வேக அளவி ஏன் நடுவில் இருக்கிறது என்பது. 1948இல் இந்தக் கார் வந்தபோது வேக அளவி சாரதிக்கு நேரே இருந்தது. 1954இல்தான் நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் ஒரே தகரம் போதும் என்பது கணக்கு. ஆக, இடம் மாற்றும் வியாதியைத் தொடங்கியது நாங்கள் இல்லை, தொழிற்சாலைக்காரர்கள்.

எதை மாற்றலாம் என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: கார் ஓடும்போது தொட வேண்டியதா? வைப்பரும் லைற் சுவிட்சும் அப்படிப்பட்டவை. குளிர்ந்த எஞ்சினை இயக்க இழுக்கும் சோக் அப்படியில்லை. அது வயரும் இல்லை, கம்பி. என் காரில் எஞ்சினை இயக்குவதற்கும் இழுக்கும் குமிழ்தான், அதுவும் கம்பி. உங்களுடையது 1965 என்றால் சாவியைத் திருப்பினால் இயங்க வேண்டும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். ஹெட்லைற்றின் ஒளியைத் தாழ்த்தும் சுவிட்ச் தரையில், இடது காலுக்கு இருக்கிறது. அதைப் பலர் கைக்குக் கொண்டுவருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இடது கால் கிளச்சில் இல்லாத நேரம் என்ன செய்துகொண்டிருக்கிறது?

பயப்பட எதுவும் இல்லை. பியூஸ் பெட்டியில் இரண்டு பியூஸ் இருக்கின்றன. தவறு செய்தால் பியூஸ் எரியும், அவ்வளவுதான்.

1 ஜூன்

மேலே கடைசிப் பந்தியில் எழுதியதை நம்ப வேண்டாம். காலையில் எழுந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

இரண்டு பியூஸ் இருப்பது உண்மை. ஒன்று ஹோணுக்கு. மற்றது சாவி போட்ட பிறகு உயிர்பெறும் பச்சை வயர்களுக்கு: வைப்பர், சிக்னல், பிரேக் லைற், பெற்றோல் அளவி. ஹெட்லைற்றுக்கும் பக்க லைற்றுக்கும் பியூஸே இல்லை. பற்றறியிலிருந்து லைற் சுவிட்சுக்கு வரும் பழுப்பு வயர் நேரே வருகிறது, இடையில் எதுவும் இல்லை. அது டாஷ்போட் தகரத்தில் தொட்டால் எரிவது பியூஸ் அல்ல, வயர்க்கட்டு. ஆகவே முதல் வேலை பற்றறியைக் கழற்றுவது. சுவிட்சை ஓஃப் செய்தேன், சாவியை எடுத்தேன் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

பெரும்பாலும் நிறம் நம்பத்தக்கது. பழுப்பு எப்போதும் உயிருள்ளது. வெள்ளை சாவிக்குப் பிறகு, பியூஸ் இல்லாதது. பச்சை சாவிக்குப் பிறகு, பியூஸ் உள்ளது. ஊதா எப்போதும் உயிருள்ளது, பியூஸ் உள்ளது. நீலம் ஹெட்லைற், சிவப்பு பக்க லைற், கறுப்பு காரின் தகர உடம்போடு சேர்வது. இதை ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் படுத்துக்கொண்டு உள்ளே போங்கள். நான் அப்படிப் போன அன்று உள்ளே ஆறு வெள்ளை வயர்கள் இருந்தன. ஒன்றும் மொறிஸ் வெள்ளை இல்லை.

5 ஜூன்

அந்த ஆறு வெள்ளை வயர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

அவை வீட்டுக்கு இழுக்கும் மின்வயர்கள். பொருள் தட்டின் அடியில், இடது மூலையில், ஒரு சின்னச் சுவிட்ச் இருந்தது. வீட்டுச் சுவரில் இருக்கும் வகை. கார் எங்களிடம் இருந்த காலம் முழுவதும் அதை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. வெட்டி எறியப் போனேன். அப்பா வாசலில் நின்று "அதை வெட்டினால் பிரேக் லைற் எரியாது" என்றார்.

அது பிரேக் லைற்றையும் பின் லைற்றையும் ஒரேயடியாக நிறுத்தும் சுவிட்ச். 90களில், போர்க்காலத்தில் பூட்டியது. இரவில் மேலே விமானச் சத்தம் கேட்டால் லைற்றை அணைத்துவிட்டு ஓட வேண்டும். ஆனால் பழக்கத்தில் பிரேக்கில் கால் வைத்துவிட்டால் பின்னால் சிவப்பாக எரியும். அதற்காக. எங்கள் வீட்டில் சுவிட்ச் இடம் மாற்றும் வேலையை முதலில் செய்தவர் அவர்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தக் காலத்தில் இந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. அரசு பெற்றோல் வர விடவில்லை. கார்புறேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். யாழ்ப்பாணத்து மொறிசும் ஒஸ்ரினும் அப்படித்தான் பிழைத்தன. மின்சாரமும் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். மொறிஸ் நிற வயர் எங்கே கிடைக்கும்? கிடைத்ததை இழுத்திருக்கிறார். ஆனால் முறுக்கிய ஒவ்வொரு மூட்டிலும் ஈயம் பற்ற வைத்திருந்தார். அண்மையில் ஒரு கராச்சில் எனக்குச் செய்து தந்த மூட்டுகள் இரண்டு ஆண்டில் பச்சை பிடித்தன. அவருடையவை இன்னும் பளபளக்கின்றன. இங்கே கடல் காற்று. மூட்டுக்கு ஈயம், அதற்கு மேல் உறை, இது இரண்டும் இல்லாமல் வயர் இழுக்க வேண்டாம்.

11 ஜூன்

சிவப்பு லைற்றை ஏன் மாற்ற வேண்டும், அது எரிவதே இல்லையே என்று ஒருவர். எரியும்போது பார்க்கத்தான்.

ஆனையிறவு. மதியம் ஒரு மணி. இரண்டு பக்கமும் உப்பளம், வெயில் கீழிருந்தும் மேலிருந்தும் அடிக்கிறது. ஃபான் பெல்ற் அறுந்துவிட்டது. மின்சாரம் தரும் டைனமோவையும் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ற். அது அறுந்த உடனே சிவப்பு லைற் எரிந்திருக்க வேண்டும், எரிந்தும் இருக்கிறது. நடுவில், வேக அளவியின் முகத்தில், வெயிலில் வெளிறி. நான் பார்க்கவில்லை. பொன்னெட்டிலிருந்து ஆவி வந்த பிறகுதான் நிறுத்தினேன். எஞ்சின் தலைக் காஸ்கெற் போயிற்று. என்னைப் பொறுத்தவரை மைனரில் இடம் மாற்ற வேண்டிய முதல் பொருள் சுவிட்ச் அல்ல, அந்த லைற்தான். கைக்கு எட்டாத சுவிட்சை எட்டிப் பிடிக்கலாம். கண்ணில் படாத லைற்றை என்ன செய்வது?

12 ஜூன்

லைற்றை மாற்றுவதில் நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களும் அதையேதான் செய்வீர்கள்.

புதிய பல்ப் தாங்கி வாங்கினேன். வெள்ளை வயரை ஒரு முனைக்குக் கொடுத்தேன், மறு முனையை உடம்பில் சேர்த்தேன். சாவி போட்டேன், எரிந்தது. மகிழ்ச்சி. எஞ்சினை இயக்கினேன், அணையவில்லை. வேகம் கூட்டினேன், அணையவில்லை. டைனமோ செத்துவிட்டது என்று கழற்றிக் கார்பன் மாற்றினேன். அணையவில்லை. வோல்ற்று ஒழுங்குபடுத்தும் பெட்டியையும் சந்தேகப்பட்டு அதன் மூடியைத் திறந்து பார்த்தேன். இரண்டு வார இறுதிகள்.

அந்த லைற்றின் எந்த முனையும் உடம்பில் சேர்வதில்லை. ஒரு முனை வெள்ளை, சாவியிலிருந்து. மறு முனை பழுப்பில் மஞ்சள் கோடு, டைனமோவிலிருந்து. டைனமோ சும்மா நிற்கும்போது மின்சாரம் பல்ப் வழியாக டைனமோவுக்குள் போய் உடம்பைச் சேர்கிறது, பல்ப் எரிகிறது. டைனமோ சுற்றி அதுவும் 12 வோல்ற்றுக்கு மேல் தந்தால் இரண்டு முனையிலும் ஒரே அழுத்தம், ஓட இடமில்லை, அணைகிறது. தராசு மாதிரி. நான் தராசின் ஒரு தட்டைத் தரையோடு கட்டிவிட்டு மறு தட்டு ஏன் ஏறவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒயில் லைற்றும் இரண்டு வயர்தான், ஆனால் அதன் மறு முனை, வெள்ளையில் பழுப்புக் கோடு, எஞ்சினில் இருக்கும் ஒயில் சுவிட்சுக்குப் போகிறது. ஒயில் அழுத்தம் இல்லாதபோது அந்தச் சுவிட்ச் அதை உடம்போடு சேர்க்கிறது. ஹெட்லைற் உயர்ந்திருப்பதைக் காட்டும் லைற் ஒன்றுதான் நேரே உடம்பில் சேர்வது. பழுப்பில் மஞ்சள், வெள்ளையில் பழுப்பு. மாலை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பகலில் செய்யுங்கள்.

19 ஜூன்

எல்.ஈ.டி போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் போட்டேன். ஒன்றும் எரியவில்லை.

எங்கள் மைனரில் பற்றறியின் நேர் முனைதான் உடம்பில் சேர்ந்திருக்கிறது. சாதாரண பல்புக்கு எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்று. எல்.ஈ.டி ஒருவழிப் பாதை. கடையில் கிடைப்பதெல்லாம் மறை முனை உடம்பில் இருக்கும் கார்களுக்கு. இரண்டு வயர் வரும் தாங்கி என்றால் வயரை மாற்றிக் கொடுக்கலாம். உடம்போடு சேரும் தாங்கி என்றால் வழியில்லை. பற்றறியை மாற்றி வைத்து டைனமோவை மறுபடி காந்தப்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். நான்கு சின்ன லைற்றுக்காகக் காரைத் தலைகீழாக்குவானேன்?

டைனமோவுக்குப் பதிலாக ஒல்ரனேற்றர் பூட்டியவர்கள் சிவப்பு லைற்றுக்கு எல்.ஈ.டி போடவே வேண்டாம். அங்கே அந்த 2.2 வாற்று பல்ப் வழியாகப் போகும் சிறு மின்சாரம்தான் ஒல்ரனேற்றரை எழுப்பிவிடுகிறது. எல்.ஈ.டி விடும் துளி மின்சாரத்தில் அது எழாமலே போகலாம். வெறும் காட்டி விளக்கு என்று நினைத்ததுதான் காவல்காரனை எழுப்பும் ஆள்.

3 ஜூலை

இந்த வாரம் வரிசையில் இரண்டு நாள். வேலை எதுவும் நடக்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் 1958 மைனர் இருந்ததாம். அதில் மினுங்கும் சிக்னல் இல்லை, கதவுத் தூணிலிருந்து எழும்பும் கைதான். 1961 வரை அதுதான் வந்தது. அவருடைய காரில் இடது கை பாதியில் சிக்கிக்கொள்ளும். ஆகவே இடப்பக்கம் யார் உட்கார்ந்தாலும் திரும்பும் முன் தூணில் குத்துவது அவர்கள் பொறுப்பு. மனைவிக்குப் பழகிவிட்டதாம், பஸ்ஸில் போனாலும் திருப்பத்தில் கை எழும்புமாம்.

10 ஜூலை

சரி, மாற்றும் சுவிட்சுகளைப் பூட்டும் தகடு. டாஷ்போட்டில் துளை போட வேண்டாம். இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் எழுதுவேன். டாஷ்போட்டுக்குக் கீழே பொருள் தட்டு முழு அகலத்துக்கும் ஓடுகிறது. அதன் விளிம்பில் கவ்விப் பிடிக்கும்படி ஒரு அலுமினியத் தகட்டை வளைத்து, ஸ்ரியரிங் தண்டுக்கு வலப்பக்கம் மாட்டினேன். நாளைக்குக் கழற்றினால் கார் கன்னி கழியாமல் இருக்கும்.

முதல் தகட்டைக் கீழே மாட்டிவிட்டேன். வலது கால் பெற்றோல் மிதியிலிருந்து பிரேக்குக்குப் போகும்போது முழங்கால் சற்று எழும்பும். ஒவ்வொரு பிரேக்குக்கும் வைப்பர் ஓடியது. நல்ல வெயில். பின்னால் வந்த ஓட்டோக்காரர் முந்திப் போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டாவது தகடு 4 சென்ரிமீற்றர் மேலே. அளவெடுக்கும்போது செருப்போடு உட்காருங்கள், நான் வெறுங்காலோடு அளந்திருந்தேன்.

சிவப்பு லைற்றும் இப்போது இங்கேதான். பகலில் அருமை. இரவில் முன்கண்ணாடியில் இன்னொரு சிவப்பு லைற் தெரிகிறது, எதிரே யாரோ பிரேக் போட்ட மாதிரி. மருந்துப் போத்தல் மூடியைப் பாதியாக அரிந்து குடை வைத்தேன்.

24 ஜூலை

லைற் சுவிட்சை மாற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. 55 வாற்று பல்ப் இரண்டு என்றால் 110 வாற்று, 12 வோல்ற்றில் 9 அம்பியருக்கு மேல். அத்தனையும் பழைய சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. அந்தச் சுவிட்சை ஒரு முழம் தள்ளி வைத்தால் போக ஒரு முழம், வர ஒரு முழம் வயர் கூடுகிறது. கடையில் வைப்பருக்கும் லைற்றுக்கும் ஒரே வயரைத் தருவார்கள். 1 சதுர மில்லிமீற்றர் வயர் 8 அம்பியர் வரைதான் தாங்கும். லைற்றுக்கு 2 சதுர மில்லிமீற்றராவது வேண்டும்.

அதைவிட நல்லது ரிலே, சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பற்றறியிலிருந்து பியூஸ் வழியாக ரிலேக்கு, அங்கிருந்து லைற்றுக்குத் தடித்த வயர். சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயை இழுக்கும் சிறு மின்சாரம் மட்டும். ஆக, பியூஸ் இல்லாத குறையும் தீர்ந்தது. என் காரில் ரிலேக்கு முன் லைற்றில் அளந்தபோது 10.8 வோல்ற்று. இப்போது 12.1. அப்பா, "புது பல்பா?" என்று கேட்டார். உள்ளே டயோட் (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவது) வைத்த ரிலே வாங்க வேண்டாம், நேர் முனை உடம்பில் இருக்கும் காரில் அதுவும் எல்.ஈ.டி கதைதான்.

14 ஆகஸ்ட்

பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூ.ஆர் வந்துவிட்டது. வாரம் 20 லீற்றர். கார் ஓடுகிறது.

வெறுமையாகிப்போன வைப்பர் சுவிட்ச் துளையில் என்ன வைப்பது என்று யோசித்து, நான்கு சிக்னலும் ஒன்றாக மினுங்கும் சுவிட்ச் ஒன்றை வைத்தேன். அதற்குச் சிக்னல் மினுக்கியும் தனியாக வேண்டும். பழைய மினுக்கி இரண்டு 21 வாற்று பல்புக்கு அளந்து செய்தது, நான்கைத் தாங்காது. பழையதைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஸ்ரியரிங் தண்டில் இருக்கும் சிக்னல் கைப்பிடியின் நுனியில் உள்ள பச்சை லைற்றை மினுங்க வைப்பது அதன் மூன்றாவது முனை. வெளியே ஒரு பல்ப் போனால் பச்சை மினுங்காது, உள்ளே இருந்தே தெரிந்துகொள்ளலாம். அதை இடம் மாற்றவும் தேவையில்லை, ஏற்கெனவே விரல் நுனியில் இருக்கிறது. இந்தக் காரிலேயே சரியான இடத்தில் இருக்கும் ஒரே லைற்.

20 நவம்பர்

மாரி தொடங்கிவிட்டது. மேலே 14 ஆகஸ்ட் எழுதியதில் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை.

அப்பாவுக்கு 78 வயது. நல்லூருக்குப் போவதற்குக் காரை எடுத்துக்கொண்டு போனார். தட்டாதெருச் சந்திக்கு முன்பே மழை கொட்டியது. அவருடைய கை நாற்பது ஆண்டாகப் போகும் இடத்துக்குப் போனது. சுவிட்சைத் தட்டினார். வைப்பர் ஓடவில்லை, நான்கு சிக்னலும் மினுங்கத் தொடங்கின. மறுபடி தட்டினார், நின்றது. மறுபடி தட்டினார், மினுங்கியது. எதிரே ஒன்றும் தெரியாமல் ஓரமாக நிறுத்திவிட்டு மழை விடும்வரை மினுங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். பின்னால் வந்த மூன்று வாகனங்கள் செத்தவீட்டு ஊர்வலம் என்று நினைத்து முந்தாமல் வரிசையில் நின்றனவாம். இதை அவரே சொன்னார், சிரிக்காமல்.

கண்ணுக்குப் புதிய இடத்தைக் காட்டிவிடலாம். கை கேட்பதில்லை. நான் மட்டும் ஓட்டும் காராக இருந்தால் பரவாயில்லை.

27 நவம்பர்

வைப்பர் சுவிட்சைப் பழைய இடத்திலும் வைத்துவிட்டேன், புதிய தகட்டிலும் வைத்துவிட்டேன். இரண்டையும் ஒரே வயரில் பக்கம் பக்கமாகச் சேர்த்தேன். மினுங்கும் சுவிட்ச் பொருள் தட்டின் இடது மூலைக்குப் போய்விட்டது, அப்பாவின் பழைய சுவிட்சுக்குப் பக்கத்தில். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆறு வெள்ளை வயர்களில் இரண்டை மட்டும் நிறம் மாற்றினேன்.

4 டிசம்பர்

பக்கம் பக்கமாகச் சேர்ப்பது தவறு. அப்பா நடுவில் போட்டுவிட்டு இறங்குகிறார். நான் ஏறி, தகட்டில் நிறுத்தினால் நிற்பதில்லை, எட்டிப் போய் நடுவில் நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆசனப்பட்டியோடு. மட்டக்களப்புத் தம்பி கேட்ட கேள்விக்கே திரும்பி வந்துவிட்டேன்.

8 ஜனவரி 2023

மாடிப்படிக்கு வைப்பார்களே, கீழே போட்டு மேலே அணைக்கும் சுவிட்ச், அதுதான் வழி. இரண்டு இடத்திலும் மூன்று முனைச் சுவிட்ச், இடையில் இரண்டு வயர். எங்கே வேண்டுமானாலும் போடலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். பழைய சுவிட்சை எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு இதுவும் பிடிக்கவில்லை. சுவிட்ச் மேலே இருந்தால் ஓனா, கீழே இருந்தால் ஓனா என்று இப்போது தெரியவில்லையாம். கண்ணாடியைப் பாருங்கள், வைப்பர் ஓடினால் ஓன் என்றேன்.